புல்லுக்கடியில் உறங்கும் ஊர்கள்

அகழி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது யாது? ஓங்கிய கோட்டை மதிலும், அதனைச் சூழ்ந்த ஆழ்ந்த நீரும் அல்லவா? ஆனால் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் காணும் அகழிகளுள் பெரும்பாலானவை கோட்டைக்காக வெட்டப்பட்டவை அல்ல என்பது வியப்பளிக்கும்.

அந்நாட்டில் ஏறத்தாழ 6,000 அகழிசூழ் மனைகள் கண்டறியப்பட்டுள்ளன. நடுப்பகுதியிலும் கிழக்கிலுமே அவை மிகுதி. 1250 முதல் 1350 வரையிலான நூறாண்டுகளில் அவை பெருமளவில் தோன்றின. நிலப்பிரபுக்கள் தம் இல்லத்தைச் சுற்றி அகன்ற பள்ளம் தோண்டினர்; அம்மண்ணை நடுவிலே கொட்டி மேடாக்கினர். களிமண் நிலமாதலால் பள்ளத்தில் நீர் தேங்கியது. மனையின் ஈரம் வடிந்தது, மீன் வளர்க்க முடிந்தது, கள்வருக்கும் தடையாயிற்று. எனினும், தலையாய நோக்கம் தம் செல்வாக்கை ஊரறியச் செய்வதே என்பர் ஆய்வாளர். கென்ட் பகுதியிலுள்ள ஐதம் மோட் என்னும் 14ஆம் நூற்றாண்டு மாளிகை இன்றும் நீர் சூழ நிற்கின்றது. வேறு பல இடங்களிலோ மாளிகை மறைந்து, பள்ளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

பிரபுக்களின் நிலை இது. எளிய குடியானவர்களின் நிலை என்ன?

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்றோர் ஊர் இருந்தது. 1348-49இல் இங்கிலாந்தைச் சூறையாடிய கொள்ளை நோய்க்குப் பின்னரும் அங்கே மக்கள் வாழ்ந்தனர். நோய் அழிக்காத ஊரை ஆடுகள் அழித்தன! கம்பளி வணிகம் பயிர்த்தொழிலைவிட ஆதாயம் தந்தது. விளைநிலம் மேய்ச்சல் நிலமாயிற்று. 1500ஆம் ஆண்டை ஒட்டிக் கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. மாரிஸ் பெரஸ்ஃபோர்டு, ஜான் ஹர்ஸ்ட் ஆகிய அறிஞர்களின் தலைமையில் 1950 முதல் 1990 வரை நாற்பதாண்டுகள் அங்கே அகழாய்வு நிகழ்ந்தது. வீட்டு மனைகளின் வரம்புகளும், நடந்து நடந்து தாழ்ந்த தெருக்களும் புல்வெளியில் இன்றும் புலனாகின்றன. கூரையற்ற தேவாலயம் ஒன்று தனித்து நிற்கின்றது.

இத்தகைய மேடுபள்ளங்களை நண்பகலில் கண்டறிதல் அரிது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் நிழல் விழும்போது, மறைந்த ஊரின் வரைபடமே விரியும். விமானத்திலிருந்து நோக்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆனால், நூற்றாண்டுகளாய் நிலைத்த இத்தடயங்களை அழிக்க ஓர் உழவு இயந்திரம் போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவு பெருகியதால் பல சமமாகிவிட்டன. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த இடங்களை அனுமதியின்றித் தோண்டலாகாது. பட்டியலில் சேராதவையோ நில உரிமையாளரின் மனத்தையே நம்பியுள்ளன.

பெருமைக்காக அகழி வெட்டியவரின் கதை ஏடுகளிலும் எஞ்சியிருக்கலாம். விரட்டப்பட்ட குடியானவனின் அடுப்பங்கரைக்கு அந்த மண்மேடு ஒன்றே சாட்சி. அதுவும் அழிந்தால், அவன் வாழ்ந்தான் என்று சொல்ல யார் இருக்கிறார், எண்ணிப் பாருங்கள்!