பூஸ்டர் விற்குமுன் ஒரு கேள்வி

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் டீவி படம் தெளிவில்லையென்றால் வாடிக்கையாளர் உடனே கேட்பது 'பூஸ்டர்'தான். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய நாள் முதல் அன்டெனா திருப்பிப் பழகியவர்கள் நாம். என்றாலும், வியாபார சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஸ்டர் புதிதாக அலையை உண்டாக்காது. அன்டெனா பிடித்ததைப் பெருக்கும். கூடவே இரைச்சலையும் பெருக்கும். அலை பலமாக உள்ள வீட்டில் பொருத்தினால் படம் இன்னும் கெடும்.

எனவே, அன்டெனாவை முதலில் ஜன்னலோரம் வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வயரை மாற்றச் சொல்லுங்கள். வயர் நீளத்தால் பலம் குறையும் வீட்டுக்கே பூஸ்டர் உதவும். அதையும் டீவிக்குப் பக்கத்திலல்ல, அன்டெனாவுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும்.

வயரில் கிடைப்பது சிறு லாபம்தான். ஆனால் தேவையில்லாமல் விற்ற பூஸ்டர் கடைக்குத் திரும்பி வரும், வாடிக்கையாளர் வரமாட்டார்.