இருதய நோயும் காப்புறுதிப் படிவமும்

மாரடைப்பு வந்தவருக்கோ இருதய வால்வு பழுதடைந்தவருக்கோ தனியார் கம்பனி மருத்துவக் காப்புறுதி கொடுக்குமா? இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நாம் போகும் இடங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. கொடுக்கக்கூடும், ஆனால் பெரும்பாலும் அந்த இருதய நோயை விலக்கியே கொடுக்கும்.

காப்புறுதி என்பது இனி வரக்கூடிய நட்டத்துக்காகப் பலர் சேர்ந்து போடும் பணம். வெள்ளம் வயலுக்குள் ஏறிய பின் அந்த வெள்ளத்துக்குக் காப்புறுதி செய்ய எவரும் முன்வரார். முன்பிருந்த நோயையும் கம்பனி அப்படியே பார்க்கிறது. சில கம்பனிகள் மறுத்துவிடும்; சில கூடிய கட்டுப்பணம் கேட்கும்; சில அந்நோயை மட்டும் நீக்கி மற்றவற்றை ஏற்கும்.

பெரிய ஆபத்து படிவத்தில்தான் இருக்கிறது. ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். இருதயத்துக்குக் கிளினிக்கில் மருந்து எடுத்து வந்தவர். இடம்பெயரும்போது கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டது. முகவர் ஆங்கிலப் படிவத்தைத் தானே நிரப்பி, இருதய நோய் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி, கையொப்பத்தை மட்டும் வாங்குகிறார். இரண்டு வருடம் கட்டுப்பணம் ஒழுங்காகப் போகிறது. பிறகு நெஞ்சுவலி. பணம் கோரியதும் கம்பனி வைத்தியப் பதிவுகளைக் கேட்கிறது. கொப்பி தொலைந்தாலும் வைத்தியசாலைப் பதிவில் நோய் இருக்கும். உண்மையை மறைத்ததாகக் கூறி உறுதிப்பத்திரத்தையே செல்லாததாக்க இடமுண்டு. எழுதியவர் முகவர், கையொப்பமோ கமக்காரருடையது.

ஆகவே வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியை வாங்கி வையுங்கள். எந்த நோய்களுக்குப் பணம் கிடையாது, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்வார்த்தை பின்னர் உதவாது. கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லையெனில் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை.

நோயாளிக்கு மறுத்தாலும் வீட்டில் சுகதேகிகளாயுள்ள மற்றவர்கள் காப்புறுதி பெறலாம். விபத்துக் காப்புறுதிக்கு இருதய நோய் பொதுவாகத் தடையல்ல. பாம்புக்கடியும் அதில் சேருமா என்று கேளுங்கள்; வயலில் நிற்பவர்களுக்கு அது சிறிய விடயமல்ல.

இருதய நோயை விலக்கிய காப்புறுதிக்காகக் கடன்படுவது வீண் என்பதே எமது அபிப்பிராயம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கொழும்பு, கண்டி, கராப்பிட்டி முதலிய பெரிய அரச வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. காத்திருக்கும் காலம் நீளம்தான், மறுப்பதற்கில்லை. தனியார் வைத்தியசாலையில் செய்ய நேர்ந்தால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலையவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சை முடியும்வரை பொறுக்காமல், வைத்தியர் அதைப் பற்றிச் சொன்ன உடனேயே அங்கு சென்று விசாரியுங்கள்.

கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் இப்போதிருக்கும் இடத்துக் கிளினிக்கில் புதிதாகப் பதியுங்கள். முன்பு போன வைத்தியசாலையின் பெயரையும் எடுத்த மருந்துகளையும் அங்குள்ள வைத்தியரிடம் சொல்லி, அவற்றைப் புதிய கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.