பதுளை ரொட்டியும் லூசியானா கும்போவும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை நகரத்துச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி கேட்டால் கூடவே கட்டச்சம்பல் வரும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டிச் சுட்ட ரொட்டி. செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு இடித்து, தேசிக்காய் பிழிந்த சம்பல். அருகிலுள்ள பசறை, ஹாலிஎல தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் லயங்களின் அடுப்பிலும் இதே மணந்தான்.

இந்தத் தட்டுக்குள் எத்தனை கடல் தாண்டிய பொருள்கள்! கோதுமை இங்கே விளைவதில்லை. மாசி மாலைதீவுப் பக்குவம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. இவற்றைச் சேர்த்துப் பிசைந்தவை தமிழகத்திலிருந்து தேயிலை மலைக்கு வந்தவர்களின் கைகள்.

இதே போன்ற கதை அமெரிக்காவின் லூசியானாவிலும் உண்டு; அங்கே கரும்புத் தோட்டம். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வெண்டைக்காயும், மாவைக் கொழுப்பில் வறுக்கும் பிரெஞ்சு முறையும் சேர்ந்து கும்போ என்ற குழம்பானது. அது கிரியோல் சமையல். 1755இல் இன்றைய கனடாவிலுள்ள அக்காடியாவிலிருந்து பிரித்தானியர் துரத்திய பிரெஞ்சு மக்களின் வழிவந்தது கேஜன் சமையல். இன்று உலக நகரங்களில் இந்தச் சமையல்களுக்கென்றே உணவகங்கள் இருக்கின்றன. ஊவாவின் ரொட்டிக்கும் சம்பலுக்கும் அந்த மதிப்பு முழுக்கத் தகும்.