ராத்திரிக்கு எல்லை தாண்டும் ஊர்

பெங்களூரில் கச்சேரி முடிந்து இரவு பதினொன்றரைக்கு மேல் மடிவாளாவில் வந்து நிற்கும் ஓசூர்ப் பையன்களுக்கு அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ஏற்றிக்கொள்ளும் கண்டக்டருக்குத்தான் பஞ்சம். சேலம், கோவை, மதுரை என்று பலகை மாட்டிய வண்டிகள் வரிசையாக வரும். எல்லாமே ஓசூரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆனாலும் கண்டக்டர் படியில் நின்றபடியே கையை விரிப்பார். “ஓசூர் எல்லாம் ஏத்தறதில்ல தம்பி. கிருஷ்ணகிரி டிக்கெட் எடுக்கறதுன்னா ஏறு.” கிருஷ்ணகிரிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் குந்தி, ஓசூரில் இறங்கிக்கொள்வார்கள். காதுக்குள் கிதார் இரைச்சல் அடங்கியிருக்காது. விடிந்தால் ஆலையில் ஏ ஷிப்ட்.

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் இப்படி எல்லை தாண்டிப் போனவர்கள் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மொபெட், டைட்டன் கடிகாரம் என்று வரிசையாக ஆலைகள் எழும்பியபோது வாடகை அறைகளை நிரப்பிய இளவட்டங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஐடிஐ முடித்த ஆப்ரண்டிஸ்கள், டிப்ளமா படித்துவிட்டு டூல் ரூமில் சேர்ந்தவர்கள். அறையில் மற்ற மூவருக்கும் இளையராஜாவும் ரகுமானும் போதும். இவர்களுக்குப் போதவில்லை. பிரிகேட் ரோட்டில் கேசட் வாங்கி, அதை இன்னொரு கேசட்டில் பதிந்து, அறைக்கு அறை கைமாற்றினார்கள். 1993இல் அலகாபாத்திலிருந்து வரத் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை ஒரு பிரதி கிடைத்தால் அட்டை கிழியும் வரை சுற்றும்.

இந்த இசையைக் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயரே 1976இல் லண்டனின் த்ராபிங் கிரிசில் குழு தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வைத்துக்கொண்ட பெயரிலிருந்து வந்தது. எஃகு ஊரான ஷெஃபீல்டில் கேபரே வால்டேர் குழு நாடாக்களையும் எந்திர ஒலிகளையும் வெட்டி ஒட்டியது. 1980இல் மேற்கு பெர்லினில் கிளம்பிய ஐன்ஸ்டுர்ஸெண்டே நொய்பாவ்டன், துளைபோடும் எந்திரத்தையும் தகரத்தையும் மேடைக்கே கொண்டுவந்து வாசித்தது. ‘கோத்’ இதற்கு அக்கம்பக்கத்து உறவு. 1979இல் பவ்ஹவுஸ் குழு வெளியிட்ட, டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் சாவைப் பாடும் ஒன்பது நிமிடப் பாட்டும், 1982இல் லண்டன் சோஹோவில் திறந்த ‘பேட்கேவ்’ கிளப்பும் அதற்கு முகம் கொடுத்தன. கறுப்பு உடை, மை தீட்டிய கண், சாவும் துக்கமும் பாட்டுப் பொருள்.

ஆலைகள் களையிழந்து, வேலை போய்க்கொண்டிருந்த ஊர்களில் வேர்பிடித்த இசை இது. ஓசூரில் அப்போதுதான் ஆலைகள் திறந்துகொண்டிருந்தன. பவர் பிரஸ் போடும் அடியை எட்டு மணி நேரம் காதடைப்பானோடு கேட்பவன், லீவு நாளில் காசு கொடுத்து அதையே ஏன் கேட்கப் போகிறான் என்று அறைத்தோழர்கள் நக்கலடித்ததில் நியாயம் உண்டு. எனக்கு இப்படித் தோன்றுகிறது: பிரஸ் ஷாப்பில் அந்தச் சத்தம் ஆளை ஓட்டுகிறது. அதன் வேகத்துக்குக் கை போகாவிட்டால் விரல் போய்விடும். கிளப்பில் அதே சத்தத்தின் கழுத்தில் ஒருவன் கயிறு கட்டி ஆட்டிவைக்கிறான். அதைப் பார்க்கக் காசு கொடுக்கலாம்.

பெங்களூரிலும் கோத் கிளப் என்று தனியாகச் சொல்லும்படி ஒன்று நிலைத்து நின்றதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டுச் சரக்கு முழுவதும், கிதார் இரைச்சலே உயிரான மெட்டல் என்ற பெரிய கூரைக்குக் கீழேதான் ஒண்டிக்கொண்டது. 1991இலேயே தொடங்கிய டையிங் எம்ப்ரேஸ், 1998இல் கிளம்பி ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை வரை போன கிரிப்டாஸ், பின்னால் வந்த பேவார் சீ, ஜின் அண்ட் மிஸ்கடோனிக் எல்லாம் அந்த ஊர்க் குழுக்கள். கேட்கும் இடங்கள் பெகோஸ், பர்ப்பிள் ஹேஸ் போன்ற பப்புகள். பெகோஸ் 1989இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்துப் பப்பில் துண்டுச்சீட்டில் பாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தால் போடுவார்கள். ஒரு மக் பீரை வைத்துக்கொண்டு நாலு பேர் ராத்திரியை ஓட்டலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். இந்தப் பக்கம் 2003இல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கைக்குப் போன பிறகு, குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து இசை கேட்பது என்ற நினைப்பே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அற்றுப்போனது.

உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறுப்புச் சட்டை போட்டு ஊரை மிரட்டலாம் என்று லண்டனில் நினைக்கலாம். நம்மூரில் கறுப்புக்கு ஏற்கெனவே இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்: பெரியாரும் ஐயப்பனும். கார்த்திகை மாதத்தில் தாடியும் கறுப்புச் சட்டையுமாக ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றவனை, நெஞ்சில் இருக்கும் மண்டையோட்டைக் கவனிக்காமலே, “சாமி, கொஞ்சம் நகர்ந்துக்குங்க சாமி” என்று வழி கேட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு கோத்துக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

2007 மார்ச் 17. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் மெட்டல் குழு அயர்ன் மெய்டன். அது வரைக்கும் கேசட் உறையில் பார்த்தவர்கள் நேரில் வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி சி ஷிப்டை மாற்றிக்கொள்ள ஓசூரில் நடந்த பேரங்கள் தனிக்கதை. ஒரு ராத்திரிக்கு இரண்டு ஞாயிறு வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. 2011 அக்டோபரில் அமெரிக்காவின் மெட்டாலிகா குழு டெல்லிப் பக்கம் குர்கானில் வாசிப்பதாக இருந்து, கடைசி நேரத்தில் ரத்தாகி ரசிகர்கள் மேடையை உடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி, பெங்களூரில் அதே குழு சொன்னபடி வாசித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் க்ரியேட்டர் குழுவோடு ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ திருவிழா தொடங்கியது. இந்த ஐந்தாறு ஆண்டுகள்தான் எல்லைப்புறத்து ரசிகர்களின் பொற்காலம். 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலமும் திறந்துவிட்டதால், இரண்டு மணி நேரம் தின்ற நாற்பது கிலோமீட்டர் பாதி நேரத்தில் முடிந்தது.

இந்த இரைச்சலும் இருட்டும் நம் மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்பவர்களைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஒரு பாரதத் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். பகலில் வாத்தியார் பாரதம் படிப்பார், ராத்திரி பத்துக்குமேல் கூத்து. முகவீணை அலற, மத்தளம் அதிர, கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்தே உறுமிக்கொண்டு வருவான். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து, மல்லாக்கக் கிடத்திய ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிய துரியோதனன். அவன் தொடையில் அடி விழ, ரத்தமாகச் செந்நீர் தெறிக்க, திரௌபதி கூந்தலை முடிவாள். பக்கத்தில் துடைப்பமும் முறமுமாக ஒப்பாரி. பேட்கேவ் திறப்பதற்குப் பல தலைமுறை முன்பே இந்த மாவட்டத்தில் விடிய விடிய நடந்த சமாச்சாரம் இது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: கூத்துக்குப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பர்ப்பிள் ஹேஸுக்கு ஓசூரிலிருந்து ஒரு பெண் போயிருந்தால் ஊரே பேசியிருக்கும்.

எல்லை என்பது சும்மா ஒரு பெயர்ப்பலகை என்று மற்ற நாட்களில் தோன்றும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் ஓசூர். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது அந்தப் பலகைக்கு உயிர் வந்தது. பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றன. மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அந்தப் பக்கத்து அத்திப்பள்ளி வரை நடந்தார்கள். 2020இல் கொரோனா வந்து அதே இடத்தில் இ-பாஸ் கேட்டது. கச்சேரிக்குப் போகிறேன் என்று எந்தப் போலீசிடம் சொல்வது?

ஆனால் உண்மையில் இந்த இரவுகளைக் கெடுத்தது காவிரியும் இல்லை, கொரோனாவும் இல்லை. லைசென்ஸ். பெங்களூரில் பப்புகள் பதினொன்றரைக்கே மூட வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2014 மார்ச்சில் வெள்ளி, சனிக்கு மட்டும் ஒரு மணி வரை என்று தளர்த்தி, பிறகு எல்லா நாளும் ஒரு மணி என்றார்கள். நேரம் நீண்டது, மேடை சுருங்கியது. ‘லைவ் பேண்ட்’, காபரே, டிஸ்கோ ஆகியவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும் என்று 2005இல் போட்ட பொது கேளிக்கை ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெண்களை ஆடவைக்கும் பார்களைக் கட்டுப்படுத்தக் கிளம்பிய சட்டம். அதன் வலையில் கிதார் தூக்கியவனும் விழுந்தான். கட்டட நிறைவுச் சான்று, தீயணைப்புச் சான்று என்று கேட்டால் பெங்களூரில் எத்தனை கட்டடம் தேறும்? பப்புக்காரர்கள் மேடையைப் பெயர்த்துவிட்டு டிவி மாட்டினார்கள். இந்திராநகரில் 2013இலிருந்து புதுக் குழுக்களுக்கு இடம் கொடுத்த ‘தி ஹம்மிங் ட்ரீ’ 2019இல் மூடியது.

இன்றைக்குப் போகும் பையனின் ராத்திரி வேறு மாதிரி. டிக்கெட் போனில். வண்டி போனில். பாட்டு முன்கூட்டியே போனில் கேட்டாகிவிட்டது, கேசட்டுக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூருக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்குக் கிட்ட. இண்டஸ்ட்ரியல் இப்போது டெக்னோவோடு கலந்து, டிஜே ஒருவர் மட்டும் நிற்கும் மேசையிலிருந்து வருகிறது. உரிமச் சிக்கலுக்கு அது தோதுதான். ஐந்து பேர் டிரம்ஸோடு வந்து இறங்க வேண்டியதில்லை. நுழைவுக்கு ஒரு தொகை, உள்ளே போனால் ஒரு மக்குக்கு ஒரு தொகை, திரும்ப டாக்ஸிக்கு எல்லை தாண்டும் கட்டணம். கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஆபரேட்டருக்கு ஒரு ராத்திரி என்பது இரண்டு மூன்று நாள் கூலி. அன்று போனவர்கள் ஷாப் ஃப்ளோர்க்காரர்கள். இன்று போகிறவர்களில் பாதிக்கு மேல் லேப்டாப் பை மாட்டியவர்கள். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

பெண்கள் விஷயம்தான் முழுசாகத் தலைகீழ். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. இன்று திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள், ஜார்க்கண்டிலிருந்துகூட. 2021இல் போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களை வைத்தே நடத்துவோம் என்று மின்சார ஸ்கூட்டர் நிறுவனமான ஓலா அறிவித்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தேன்கனிக்கோட்டைச் சாலையில் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகின்றன, ஜன்னலோரம் தலைசாய்த்த பெண்கள். அதே பெண் ஒரு சனிக்கிழமை கச்சேரி கேட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்தால் விடுதிக் கதவு சாத்தியிருக்கும். வார்டன் அக்கா பதிவேட்டை நீட்டுவார். வேலை என்றால் ராத்திரி பாதுகாப்பானது, பாட்டு என்றால் ஆபத்தானது என்று யார் முடிவு செய்தார்கள்? பெங்களூர் மெட்டல் கூட்டங்களில் இன்று பெண்கள் தாராளமாகத் தென்படுகிறார்கள். அவர்களில் ஓசூர் ஆலைப் பெண்ணைத் தேடினால் சிரமம்.

ஓசூர் அமைதியான ஊர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, பிள்ளையார் ஊர்வலம் எதற்கும் லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கி, நெஞ்செலும்பு அதிர டிஜே வைக்கிறார்கள். அந்த பாஸ் பெங்களூர் டெக்னோ கிளப்புக்குச் சளைத்ததில்லை. சத்தம் இருக்கிறது, கேட்கும் காதும் இருக்கிறது. சிங்கப்பூரில் கதிர் என்ற தமிழர் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு, வேத மந்திரங்களை டெத் மெட்டலில் ஏற்றி முப்பது ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. அங்கே நம்மாட்களுக்கு இது வருகிறது என்றால் சிப்காட்டில் மட்டும் வராமல் போகுமா?

ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பன்னாட்டு விமான நிலையம் என்று 2024இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், மெட்ரோ நீட்டிப்புக்கும் ஆய்வு நடந்தது. நான் கேட்பது அதைவிடச் சில்லறைக் காரியம்: முந்நூறு பேர் நிற்கும் ஒரு மூடிய கூடம், ஒரு மின் இணைப்பு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியே, அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. கிதாரை அறைக்குள் பூட்டி வைத்திருக்கும் டூல் ரூம் தம்பிகளே, டிஜே மேசை வாங்கக் காசு சேர்க்கும் தங்கைகளே, பெங்களூர் டாக்ஸிக்குக் கொடுப்பதற்கு முன்னால் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். நாலு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.