பாட்டு வகுப்பு தினமும் உண்டு

வகுப்பறைக்கு வந்த இசை – 7

சென்ற வாரம் பார்த்த, ஸ்வரங்களைக் காட்டும் ஜான் கர்வெனின் கைச்சைகைகள் இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஹங்கேரியில் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் அவற்றைக் கையில் எடுத்தார்.

1882-ல் கெச்கெமேட் நகரில் பிறந்த கோடாயின் அப்பா ரயில்வேக்காரர். கோடாய் 1905-ல் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரிக்கத் தொடங்கி, மறு ஆண்டே சக இசையமைப்பாளர் பேலா பார்த்தோக்குடன் சேர்ந்து 20 பாடல்களை வெளியிட்டார். பிறகு புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் பேராசிரியர். 1923-ல் அரங்கேறிய 'சால்முஸ் ஹங்காரிக்குஸ்' என்ற இசைப்படைப்பு அவர் பெயரை நாடு தாண்டிக் கொண்டுபோனது. அந்த உயரத்தில் இருந்தவர் நாற்பது வயதுக்குமேல் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவருடைய இசையமைப்பு எல்லாவற்றையும்விட இந்தத் திருப்பத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் கவலையெல்லாம் ஆசிரியர்களைப் பற்றித்தான். தலைநகர ஆப்பரா அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிட, கிஷ்வார்தா என்ற சிற்றூரின் பாட்டு வாத்தியார் யார் என்பதே முக்கியம் என்று 1929-ல் வாதிட்டார். திறமையில்லாத இயக்குநரின் பதவி சீக்கிரம் போய்விடும். திறமையில்லாத ஆசிரியரோ முப்பது வருடம் வகுப்பெடுத்து, வருடத்துக்கு ஒரு வகுப்பாகப் பிள்ளைகளின் இசை ஆசையை அழித்துவிடுவார். இந்தக் கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை.

பியானோவும் வயலினும் வாங்கக் காசு வேண்டும். குரல் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அதனால் முதலில் பாட்டு, அதுவும் தாய்மொழி நாட்டுப்பாட்டு. காதுக்குப் பழகிய பிறகுதான் இசைக்குறிப்பு வாசிப்பு. கர்வெனின் சைகைகள் இங்கேதான் உதவின. ஆசிரியரின் மூடிய கை இடுப்பளவில் இருந்தால் 'டோ'. கை உயர உயர ஸ்வரமும் ஏறும். இந்த 'டோ' ஓரிடத்தில் நிற்பதல்ல. நம் ஷட்ஜம் போல, எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் அதுவே ஆதார ஸ்வரம். பியானோ இல்லாத வகுப்பறையிலும் பாடம் நடத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரு குரலில் பாடும் பயிற்சிப் பாடல்களை 1937 முதல் அவரே எழுதித் தந்தார். சிறுவர்களுக்கென்று தரம் குறைத்து எழுதுவதை அவர் ஏற்கவே இல்லை.

1950-ல் அவர் பிறந்த ஊரிலேயே முதல் பாட்டுத் தொடக்கப்பள்ளி திறந்தது. தலைமை ஏற்றவர் மார்த்தா நெமெஷ்சேகி. கணக்கைப் போல, மொழிப்பாடத்தைப் போல, அங்கே பாட்டும் தினசரிப் பாடம். எல்லோரையும் வித்வான்களாக்குவது நோக்கமல்ல. பாடவும் கேட்கவும் வாசிக்கவும் தெரிந்த சாதாரண மனிதர்கள்தான் கோடாய்க்கு வேண்டும். 1960-களில் ஹங்கேரியில் இத்தகைய பள்ளிகள் நூறைத் தாண்டின. 1964-ல் புடாபெஸ்டில் கூடிய உலக இசைக் கல்வி மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியர்கள், அந்த முறையைத் தங்கள் நாடுகளுக்கு எடுத்துப்போனார்கள்.

கோடாய் 1967-ல் மறைந்தார். அவர் பெயரில் கெச்கெமேட்டில் 1975-ல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிலையம் இன்றும் நடக்கிறது.

அதே 1975-ல் வெனிசுலாவின் காரகாஸ் நகரில் ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு வேறொரு வழியில், பிள்ளைகளின் கைகளில் வாத்தியத்தைக் கொடுத்தே இசைக் கல்வியைத் தொடங்கினார். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)