காலித் தோட்டா மீண்டும் தோட்டாவாகுமா?

துப்பாக்கித் தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உறை. சுட்ட பிறகு மிஞ்சுவது உறைதான். அதை மறுபடி நிரப்பிச் சுடுவது அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களிடமும் துப்பாக்கி சுடும் வீரர்களிடமும் உள்ள வழக்கம். ஆனால் எல்லா உறையும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

நல்ல உறை பித்தளை உறைதான்: 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். மருந்து எரியும்போது உறை விரிந்து குழலோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கிக் கழன்று வருகிறது. பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாததால், அச்சில் இட்டு அழுத்த வேண்டும். தட்டத் தட்டப் பித்தளைக் குடம் இறுகுவதுபோல, விரிந்தும் நசுங்கியும் உறையும் இறுகிப்போகிறது; கழுத்தில் கீறல் விடுகிறது. கன்னார் உலையில் காட்டி இளக்குவதுபோல இதன் கழுத்தையும் சூடேற்றி இளக்குவார்கள். அடிப்பகுதியைச் சூடாக்கக் கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அடிக்குச் சற்று மேலே பளபளப்பான மெல்லிய வளையம் தெரிந்தால் உட்சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மறுமுறை அங்கே உறை அறுந்து, சுடுபவர் பக்கமே வாயு பீறிடலாம்.

சுடாத உறையும் வெடிப்பு விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தாமாகவே விரிசல் விட்டன. காரணம் 1921இல்தான் விளங்கியது: உறையைச் செய்யும்போதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு, குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்துகொண்டன. காலி உறைகளை அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் துலக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எஃகு உறைக்கு நெகிழ்ச்சி குறைவு. மேல்பூச்சு உரிந்தால் துரு பிடிக்கும். அலுமினிய உறை பெரும்பாலும் ஒரே முறைக்கு. ராணுவ உறைகள் சிலவற்றில் சுவர் தடிமன், உள்ளிடம் குறைவு. வழக்கமான அளவு மருந்தே அவற்றில் கூடுதல் அழுத்தம் தந்துவிடும்.

அடுத்த சிக்கல் பிரைமர். 1866இல் ஆங்கிலேயரான பாக்ஸர் ஒரு முறையையும் அமெரிக்கரான பெர்டான் இன்னொன்றையும் கண்டார்கள். பாக்ஸர் உறையில் நடுவே ஒரே துளை. ஊசியால் குத்தினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டான் உறையில் நடுவில் பட்டடைபோல ஒரு மேடு, ஓரமாக இரு சிறு துளைகள், ஊசி நுழையாது. விந்தை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும் அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும் நிலைத்தன.

ரைபிள் கிளப்புகளில் புழங்கும் .22 தோட்டாவில் தனிப் பிரைமரே கிடையாது. பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி தட்டி விளிம்பு நசுங்கியதோடு உறையின் ஆயுள் முடிந்தது. 12 போர் ரவைத் தோட்டாவின் உறை பிளாஸ்டிக் அல்லது காகிதம். மடித்துத் திறக்கும் வாய் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பிய்ந்துபோகும். காகிதம் ஈரத்தில் உப்பிப்போகும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. சுடும் பயிற்சி முடிந்ததும் காவலர்கள் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, எண்ணிக் கணக்குக் காட்டி ஒப்படைக்கிறார்கள்.