மின்சார டில்லர்: கத்தியைக் காட்டிலும் வயரில் கவனம் தேவை

வீட்டுத் தோட்டங்களில் மண்ணைக் கிளறவும் களை அகற்றவும் உதவும் மின்சார டில்லரில் பெட்ரோல் புகை இல்லை; கயிற்றை இழுத்து இயக்கும் சிரமமும் இல்லை. சுவிட்சை அழுத்தினால் போதும். இந்த எளிமையே அதன் ஆபத்தை மறைத்து விடுகிறது. சுழலும் கத்திகளைக் கண்டு எவரும் எச்சரிக்கை கொள்வர். ஈர மண்ணில் கிடக்கும் வயரை அவ்வாறு கருதுவோர் குறைவு.

இந்தியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் விநியோகிக்கப்படுகிறது. அதில் 1,500 வாட் திறனுள்ள டில்லர் சுமார் 6.5 ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். விளக்கு, மின்விசிறிகளுக்கான 6 ஆம்பியர் சாக்கெட் இதற்குப் போதாது. கத்திகள் வேரில் சிக்கித் திணறும்போது இந்த அளவு மேலும் உயரும். எனவே 16 ஆம்பியர் சாக்கெட்டையே பயன்படுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியாக இருத்தல் அவசியம். சுருளாகவே விட்டால் வயர் சூடேறும் என்பதால் முழுவதும் விரித்துவிட வேண்டும். டேப் சுற்றிய இணைப்புகளைப் புல்தரையில் போடுவது விபத்துக்கு வழிவகுக்கும்.

எம்சிபி இருக்கிறதே என்ற நம்பிக்கை இங்கு உதவாது. அளவுக்கு மீறிய மின்சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் வயரைக் காப்பதே அதன் பணி. மின் அதிர்ச்சிக்கு உள்ளாகும் மனிதரைக் காப்பதன்று. உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் சிறு பகுதியே போதும். அவ்வளவு சிறிய கசிவுக்கு எம்சிபி அசையாது. ஆர்சிசிபி என்ற சாதனம், உள்ளே செல்லும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். பழைய வீடுகள் பலவற்றில் இது இருப்பதில்லை. இருக்கும் வீடுகளில், வேலையைத் தொடங்குமுன் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது.

சாக்கெட்டுக்கு அருகில் தொடங்கி, அதிலிருந்து விலகிச் சென்றபடியே உழ வேண்டும். அப்போது வயர் எப்போதும் பின்னாலேயே இருக்கும். வயரைத் தோள்மீது போட்டுக்கொள்வது பலனளிக்கும். மூடிய காலணி கட்டாயம், செருப்பு கூடாது. கருவியைத் தன் பக்கமாக இழுக்கும்போதுதான் கால்களுக்கு ஆபத்து அதிகம்.

தக்காணத்தின் கரிசல் மண் போன்ற களிமண் வகைகள் ஈரத்தில் கத்தியில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாக இறுகும். கைப்பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டும்போது உதிர்ந்தால் உழலாம். மழையில் இயக்கவே கூடாது.

வயர் வெட்டுப்பட்டால் அதைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எவரேனும் மின் அதிர்ச்சிக்கு உள்ளானாலும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அவரைத் தொட வேண்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

கத்தியில் சுற்றிய வேர்களை நீக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். பேட்டரி டில்லராயின் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் மண்ணை அகற்றி, மோட்டாரின் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்வது முறை. கத்திகளைப் பிணைக்கும் பின்களையும் போல்ட்டுகளையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் வழக்கத்துக்கு மாறாகத் தீப்பொறி தெரிந்தாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, பழுதுநீக்குவோரிடம் காட்டுவதே சரி.